கோட்டை விட்ட புள்ளி

வாலுக்கு அன்றைக்கு இரண்டு கவலைகள். ஒன்று, அவனுடைய மாமனாரைப் போலீஸ் பிடித்து உட்கார வைத்திருந்தது. இரண்டு, அந்தச் செய்தியைக் கேட்டதும் தன் முகத்தில் பூத்த பூரிப்பை மனைவி பார்த்துத் தொலைத்துவிட்டாள்.

“சிரிக்கிறீங்களா?”

“சேச்சே. அதிர்ச்சியில வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு.”

“ரெண்டு பக்கமும்ல இழுத்திருக்கு! இங்க பாருங்க. எங்கப்பா இன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்தாகணும். அவர் லாக்கப்புல படுத்தா, நீங்களும் வெளிய எங்கயாவது படுத்துக்கங்க. போனாப் போகுதுன்னு தலகாணி மட்டும் தர்றேன்.”

வால் என்பது பட்டப்பெயர். துப்பறியும் மேடம் எங்கே போனாலும் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போவதால் வந்தது என்று அவன் சொல்லிக்கொள்வான். நாற்பது வயதாகியும் வாய் அடங்காததால் வந்தது என்று ஊர் சொல்லும். மாமனார் அவனை எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிட்டதில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து “இவரு” என்றுதான்.

மேடத்துக்கும் ஊர் ஒரு பெயர் வைத்திருந்தது: சராசரி. உயரம் சராசரி, நிறம் சராசரி, குரல் சராசரி. கூட்டத்தில் நின்றால் கூட்டம்தான் தெரியும், அவர் தெரியமாட்டார். அவர் வீட்டு நாயே கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் வாலாட்டும். புள்ளிவிவர இலாகாவில் ஒரு தலைமுறைக்காலம் குப்பை கொட்டிவிட்டு, ஓய்வு பெற்ற கையோடு துப்பறியக் கிளம்பியவர். பூதக்கண்ணாடி கிடையாது, துப்பாக்கி கிடையாது. ஒரு லேப்டாப் உண்டு. அதிலும் ஒரு பொத்தான் கிடையாது.

மூன்று மாதமாக ஊரில் சைக்கிள்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. பறிகொடுத்தவர்கள் ஒன்றுகூடி மேடத்தை அமர்த்தினார்கள். மேடம் வாலை அனுப்பித் தெருத்தெருவாகக் கணக்கெடுத்தார். அந்தக் கணக்கு முடிவதற்குள் இன்ஸ்பெக்டர் முந்திக்கொண்டு மாமனாரை அமுக்கிவிட்டார். மாமனார் ஊருக்கு ஒரே பஞ்சர் கடைக்காரர்.

போலீஸ் ஸ்டேஷன் மலை உச்சியில் இருந்தது. அந்த ஊரே ஒரு சரிவுதான். மேலே கடைத்தெருவும் ஸ்டேஷனும் பஞ்சர் கடையும். கீழே வீடுகளும் ஆறும். மேலே எத்தனை தெரு இருந்தாலும் இறங்குவதற்கு ஒரே ரோடு. பாம்புக்கு வயிற்றுவலி வந்தால் எப்படிப் புரளுமோ அப்படி வளைந்து வளைந்து இறங்கும். பஸ்காரர்களுக்கே அதில் வரப் பயம். அதனால் கடைசி பஸ் மூன்று மணிக்கே இறங்கிப் போய்விடும்.

மேடம் தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே மேலே வந்து சேர்ந்தார். ஸ்டேஷன் வாசல் சுவரில் சாய்த்தபோது அதன் மணி தானாக ஒருமுறை “ஹச்” என்றது. அந்த மணி அப்படித்தான். ரிப்பேர் செய்யப் போனால் மாமனார், “இதுக்கு மெக்கானிக் வேணாம், டாக்டர் வேணும்” என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

வாசல் படிக்கட்டுக்கு அடியில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த டைப்பிஸ்ட் நிமிர்ந்து பார்த்தார். புகார் கொடுக்க வருகிறவர்களுக்கெல்லாம் டைப் அடித்துக் கொடுப்பவர். ஸ்டேஷன் சுவருக்கு எத்தனை வயதோ அத்தனை பழக்கம்.

“வாங்க மேடம். புகாரா, மனுவா, மன்னிப்புக் கடிதமா?”

“வேடிக்கை பார்க்க வந்தேன்.”

“அதுக்கு டைப் வேணாம். சைக்கிளைப் பூட்டலையா? காலம் கெட்டுக் கிடக்கு.”

“போலீஸ் ஸ்டேஷன் வாசல்தானே.”

“முட்டி எப்படிண்ணே இருக்கு?” என்றான் வால்.

“ரெண்டும் ரிட்டயர் ஆயிடுச்சு தம்பி. ஒரு படி ஏற முடியல, ஒரு மிதி மிதிக்க முடியல. காலைல பஸ்ல ஏறி வந்துடறேன். சாயங்காலம் எப்படியோ ஆண்டவன் இறக்கி விட்டுடறான்.”

உள்ளே பெஞ்சில் மாமனார் இருந்தார். கை முழுக்க கிரீஸ், முகம் முழுக்க எரிச்சல். வாலைப் பார்த்ததும் சுவரைப் பார்த்துச் சொன்னார்:

“வந்துட்டாரு இவரு. இனிமே தூக்குத் தண்டனைதான்.”

“மாமா, உங்களைக் காப்பாத்தத்தான் வந்திருக்கேன்.”

“அதைத்தான் சொல்றேன்.”

இன்ஸ்பெக்டர் சுவரில் ஊர் வரைபடத்தை மாட்டி, சைக்கிள் காணாமல் போன இடத்திலெல்லாம் குண்டூசி குத்தியிருந்தார். பஞ்சர் கடையைச் சுற்றி, பலாச்சுளையை ஈ மொய்த்தது போல் ஊசிகள் மொய்த்திருந்தன.

“பார்த்தீங்களா மேடம்? கடைக்குப் பக்கத்துல போகப் போகத் திருட்டு ஜாஸ்தி. தள்ளிப் போகப் போகக் கம்மி. வந்த புகார்லயெல்லாம் சந்தேகம்னு இவர் பேருதான் இருக்கு. கடை நிறைய சைக்கிள் உதிரி பாகம்.”

“பஞ்சர் கடையில பின்ன என்ன சார் இருக்கும், பியானோவா?” என்றான் வால்.

“நாலு மணிக்குக் கடைக்கு சீல். ராத்திரி இவருக்கு லாக்கப். பேப்பர் டைப் ஆகிட்டிருக்கு.”

மேடம் லேப்டாப்பைத் திறந்தார். “அதுக்குள்ள ஒரு மல்டிபிள் ரெக்ரெஷன் போட்டுப் பார்த்துடலாமா?”

“மல்டிபிள் ரிலேஷனா? மொத்தக் குடும்பமும் இதுல சம்பந்தப்பட்டிருக்கா?”

“சொந்தம் நான் ஒருத்தன்தான் சார்” என்றான் வால். “அதுவும் கட்டிக்கிட்ட பாவத்துக்கு.”

மேடம் இருவரையும் கையமர்த்தினார். “சார், நாலு பேர் மேல சந்தேகம்னா, நாலு பேரையும் ஒரே ரூம்ல வச்சு விசாரிப்பீங்களா?”

“மாட்டேன். ஒருத்தன் சொல்றதை இன்னொருத்தன் அப்படியே ஒப்பிப்பான்.”

“கணக்குலயும் அதே கதைதான். நீங்க தூரத்தை மட்டும் கூப்பிட்டு விசாரிச்சீங்க. அதுவும் ஒத்துக்கிச்சு. ஆனா பேசினது தூரம் இல்லை. அதுக்குப் பின்னால ஒளிஞ்சிக்கிட்டு வேற ஒருத்தன் குரல் குடுத்திருக்கான். நான் ஒவ்வொரு தெருவுக்கும் நாலு பேரைக் கூப்பிட்டேன். கடையிலேருந்து எவ்வளவு தூரம், தெரு எவ்வளவு உயரத்துல இருக்கு, எத்தனை விளக்கு, எத்தனை சைக்கிள் நிக்குது. மூணு பேர் வாயைக் கட்டிட்டு ஒருத்தரைப் பேச விடணும். அப்புறம் அடுத்தவர். இதுதான் மல்டிபிள் ரெக்ரெஷன்.”

“எங்க வீட்டுல இதை ட்ரை பண்ணேன் சார்” என்றான் வால். “ஒருத்தர் வாயைக்கூடக் கட்ட முடியல.”

மேடம் ஒரு பொத்தானைத் தட்டினார். லேப்டாப் மாவு மெஷின் மாதிரி இரைந்தது. திரையில் நான்கு எண்கள் வந்தன.

“மத்த மூணையும் பிடிச்சு வச்சுட்டுக் கேட்டா, தூரம் கப்சிப். விளக்கு ஏதோ முனகுது. நிறைய சைக்கிள் நிக்கிற இடத்துல நிறைய திருட்டு, அது எதிர்பார்த்ததுதான். கத்திக் குதிக்கிறது உயரம்! உங்க வரைபடம் தட்டை சார். ஊர் தட்டை இல்லை. கடை உச்சியில இருக்கு. உச்சியில திருட்டு நடந்தா, பார்க்கிறவனுக்குக் கடைப் பக்கம் நடந்த மாதிரிதான் தெரியும்.”

“உதாரணம்?”

வால் வரைபடத்தில் விரலை வைத்தான். “கடைக்கு நேர் கீழே, படிக்கட்டுல இறங்கினா கூப்பிடு தூரம், இந்தத் தெரு. ஒரு சைக்கிள்கூடப் போகல. இந்தக் கோடியில, கடையிலேருந்து நடந்தா செருப்பு தேயுற தூரத்துல இருக்கிற மேட்டுத் தெரு. ஏழு சைக்கிள் அவுட். எங்க மாமனார் திருடனா இருந்தா பக்கத்துத் தெருவை விட்டுட்டு அவ்வளவு தூரம் நடப்பாரா? பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கே ஆட்டோ கேட்டவரு!”

“இவரு என்னைப் பாராட்டுறாரா, திட்டுறாரா?” என்று மாமனார் சுவரிடம் கேட்டார்.

இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவினார். திரையில் சிதறிக் கிடந்த புள்ளிகளையும் அவற்றின் ஊடே போன கோட்டையும் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“இதுல பெரும்புள்ளி யாராவது மாட்டியிருக்காங்களா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க. எனக்கு டிரான்ஸ்ஃபர் ஒத்துக்காது.”

“ஒரு புள்ளி இருக்கு. எல்லாப் புள்ளியும் கோட்டுக்குப் பக்கத்துல ஒழுங்கா நிக்குது. இது ஒண்ணு மட்டும் கோட்டை விட்டுத் தள்ளி, அதலபாதாளத்துல கிடக்கு. உச்சியில இருக்கிற தெரு, நிறைய சைக்கிள், இருட்டு. கணக்குப்படி ஒன்பது திருட்டு நடந்திருக்கணும். நடந்தது பூஜ்யம்.”

“எந்தத் தெரு?”

“இந்தத் தெரு.”

இன்ஸ்பெக்டர் நெஞ்சை நிமிர்த்தினார். “போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல எவன் மேடம் கை வைப்பான்?”

“போன வருஷம் உங்க நாற்காலியே போச்சே சார்” என்றான் வால். நெஞ்சு மறுபடி இறங்கியது.

மேடம் அதைக் கவனிக்கவில்லை. ஃபைல் தூக்கிக்கொண்டு போன ஏட்டையாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏட்டையாவின் வலது கால் பேண்ட்டில் ஒரு கிளிப். சங்கிலியில் துணி மாட்டாமல் இருக்க சைக்கிள்காரர்கள் போடுகிற கிளிப்.

“ஏட்டையா, உங்க சைக்கிள் எங்க?”

ஏட்டையா நின்றார். கிளிப்பைப் பார்த்தார். இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். “அது வந்து... பழக்க தோஷம் மேடம். காலைல கை தானா மாட்டிடுது.”

“சைக்கிள்?”

“போயிடுச்சு.”

“புகார் குடுத்தீங்களா?”

“யார்கிட்ட மேடம் குடுக்க? நானே எழுதி நானே வாங்கி நானே விசாரிக்கணுமா? ஊர் சிரிக்காதா?”

ஒரு மதகு திறந்தது போல் ஆகிவிட்டது. மூலையிலிருந்த கான்ஸ்டபிள் தொண்டையைச் செருமினார்: “என்னோடதும்.” ரைட்டர் தலையைத் தொங்கப்போட்டார்: “என் மச்சினனோடது, இரவல் வாங்கினது.” ஒவ்வொருவராக, பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகள் மாதிரி எழுந்து நின்றார்கள். மேடம் விரல்விட்டு எண்ணினார்.

“எட்டு. கோடு ஒன்பதுன்னு சொல்லுதே.”

ரைட்டர் மேஜைக்கு அடியில்கூட ஒருமுறை குனிந்து பார்த்தார்.

“கோடு தப்பா இருக்கலாம்ல மேடம்?” என்றான் வால்.

“இருக்கலாம்.”

இன்ஸ்பெக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார். “என் பொண்ணோடது. சிவப்பு சைக்கிள். முன்னாடி கூடை வச்சது.”

“கோட்டை விட்டது புள்ளி இல்லை சார்” என்றான் வால். “நீங்கதான்.”

அந்த நிமிடத்தில் டைப்பிஸ்ட் நொண்டி நொண்டி உள்ளே வந்து, சீல் வைக்கும் உத்தரவை மேஜைமேல் வைத்தார். ஒரு பிழை இல்லை, ஓரம் பிசகவில்லை. இன்ஸ்பெக்டர் அதைத் தூக்கிக்கொண்டார். அவமானப்பட்ட மனுஷனுக்கு ஒரு காகிதம் கிடைத்தால் போதாதா?

“எங்க தெருவுலயும் திருடியிருக்கான். அதனால இவர் திருடலைன்னு ஆயிடுமா? திருடன் யாருன்னு உங்க கோடு சொல்லுமா? சொல்லாதில்ல! கிளம்புங்க எல்லாரும் கடைக்கு.”

“போகலாம் சார்” என்றார் மேடம், தேவையில்லாமல் உரக்க. “நானும் உங்க ஜீப்பிலேயே வந்துடறேன். திரும்பி வர ராத்திரி ஆயிடும்.”

வால் அவரை ஆச்சரியமாகப் பார்த்தான். மேடம் உரக்கப் பேசி அவன் கேட்டதே இல்லை.

பஞ்சர் கடை வாசலில் ஏட்டையா அரக்கை உருக்க ஆரம்பித்தார். மாமனார் தன் காற்றடிக்கும் பம்பைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பிள்ளையை ஹாஸ்டலில் விடுகிற பார்வை. வாலுக்கே பாவமாக இருந்தது. தலையணை ஞாபகத்துக்கு வந்தது, இன்னும் பாவமாகிவிட்டது.

“ஒரே ஒரு சோதனை சார்” என்றார் மேடம். “உயரமான இடத்துல மட்டும் திருடுறான்னா என்ன அர்த்தம்? அவனுக்கு ஏறத் தெரியாது. இறங்க மட்டும்தான் தெரியும். மிதிக்காம உருண்டு போறதுக்குத்தான் சைக்கிள் எடுக்கிறான். அப்போ, மிதிக்காம உருட்டி விட்டா சைக்கிள் எங்க போய் நிக்குதோ, அங்க அவன் இருக்கான். வாலு உருண்டு காட்டுவான்.”

“நானா?”

“உயரம் மட்டும்தான் வேலை செய்யணும். வேற எதுவும் குறுக்க வரக் கூடாது.”

“ஒரு நல்ல வண்டியா நான் தயார் பண்ணித் தர்றேன்” என்று மாமனார் சட்டென்று எழுந்தார். அவர் மாப்பிள்ளைக்காக எழுந்தது அதுதான் முதல் தடவை. கடைக்குள் போய்ச் சத்தமாக எதையோ திருகினார். ஒரு கறுப்பு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். சீட்டை வேறு துடைத்துக் கொடுத்தார். வாலுக்குக் கண் கலங்கியது.

முதல் வளைவு வரை எல்லாம் சுகம். காற்று சிலுசிலுவென்று வந்தது. இரண்டாவது வளைவில் வால் பிரேக்கைப் பிடித்தான். பிடி கைக்கு வந்தது, பிரேக் வரவில்லை.

அதற்கப்புறம் நடந்ததை அவன் பிற்பாடு பலவிதமாகச் சொல்லியிருக்கிறான். ஒரு லாரியை முந்தியது நிச்சயம். கோழி ஒன்று பறந்தது என்பான், கோழிக்காரர் அது அதற்கு முன்னால் பறந்ததே இல்லை என்பார். கூப்பிட்ட தெய்வங்களின் எண்ணிக்கையை மட்டும் அவன் ஒவ்வொரு முறையும் கூட்டித்தான் சொல்வான். ரோடு அடிவாரப் பள்ளத்தில் விழுந்து, ஆற்றுப் பாலத்துக்காக மறுபடி மேடேறும். சைக்கிள் பாலத்தில் ஏறியது, மூச்சு வாங்கியது, பின்னால் உருண்டது, முன்னால் போனது. தொட்டில் மாதிரி ஆடி ஆடி, கடைசியில் பள்ளத்தின் நட்டநடுவில், இழுத்து மூடிப் பல வருடமான ஐஸ் ஃபேக்டரியின் கேட்டுக்கு எதிரே, பூப்போல நின்றது.

வாலின் பற்கள் மட்டும் நிற்கவில்லை.

ஜீப் வந்து சேர்ந்தபோது அவன் இன்னும் சைக்கிள் மேலேயே உட்கார்ந்திருந்தான். விரல்களை ஏட்டையா ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். இன்ஸ்பெக்டர் கேட்டைத் தள்ளினார். அது எண்ணெய் போட்ட கேட் மாதிரி சத்தமில்லாமல் திறந்தது.

உள்ளே, சைக்கிள்கள். ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, நிழலில் படுத்துத் தூங்கும் மாடுகள் மாதிரி. ஒன்றும் விற்கப்படவில்லை, ஒரு ஆணிகூடக் கழற்றப்படவில்லை. ஓரத்தில் கூடை வைத்த சிவப்பு சைக்கிள். இன்ஸ்பெக்டர் அதன் கூடையைத் தடவிக் கொடுத்தார்.

“சரி. ஒத்துக்கறேன். ஆனா யாரு?”

“ஏட்டையா, உங்க சைக்கிள் போனப்போ, புகார் குடுத்தா ஊர் சிரிக்கும்னு உங்களுக்கு எடுத்துச் சொன்ன நல்லவர் யாரு?” என்று மேடம் கேட்டார்.

ஏட்டையா வாயைத் திறந்தார். மற்றவர்களும் திறந்தார்கள். எல்லோருக்கும் ஒரே நல்லவர்தான் போலிருக்கிறது. பெயர் வெளியே வருவதற்குள், மேலேயிருந்து ரோட்டில் ஒரு சத்தம் இறங்கி வந்தது.

“ஹச்.”

சாயங்கால வெயிலில், காலை ஆடாமல் அசையாமல் வைத்துக்கொண்டு, கேரியரில் டைப்ரைட்டரைக் கட்டிக்கொண்டு, ராஜா ஊர்வலம் வருவது போல் டைப்பிஸ்ட் உருண்டு வந்தார். மேடத்தின் சைக்கிளில். ஐஸ் ஃபேக்டரி கேட்டுக்கு நேராக வந்து, பதமாகப் பிரேக் பிடித்து, கால் ஊன்றி நிமிர்ந்தார். எதிரே மொத்த ஸ்டேஷனும் நின்றது.

“பூட்டலையான்னு கேட்டேனே மேடம்” என்றார் பலவீனமாக.

“கேட்டீங்க. அதனாலதான் பூட்டல.”

“நான் திருடன் இல்லை சார்! பஸ் மூணு மணிக்குப் போயிடுது. எனக்கு வேலை முடியறது அஞ்சு மணிக்கு. முட்டி இப்படி. என் வீடு இதோ, பக்கத்துச் சந்து. சாயங்காலம் எந்த மேட்டுத் தெருவுல மனு அடிச்சு முடிக்கிறேனோ, அங்கேருந்து இறங்கறதுக்கு எடுத்தேன். திருப்பிக் கொண்டுபோய் விடலாம்னா, மேல ஏத்த முடியணுமே? சேர்ந்து போச்சு.”

“அதுக்கு எங்க மாமனார் தலையை ஏன்யா உருட்டினே?” வால் பாய்ந்தான். “எல்லாப் புகார்லயும் சந்தேகம்னு அவர் பேரையே அடிச்சிருக்கியே!”

டைப்பிஸ்ட் அடிபட்டவர் போல் பார்த்தார். “சந்தேகப்படும் நபர்னு ஒரு கட்டம் இருக்கு தம்பி. வர்றவங்க தெரியலைம்பாங்க. கட்டத்தைக் காலியா விட்டா பார்க்க நல்லாவா இருக்கும்? டைப் அடிக்கிறவனுக்கு அழகா அது?”

ஏட்டையா அவரைக் கைத்தாங்கலாக ஜீப்புக்குக் கூட்டிப்போனார்.

“உங்க மாமனார் மேல எனக்கு ரொம்ப மரியாதை” என்று ஜீப்பில் ஏறும்போது டைப்பிஸ்ட் சொன்னார். “அவர் கை வச்ச பிரேக்னாதான் நம்பி ஏறுவேன். மத்தபடி இந்த இறக்கத்துல மனுஷன் இறங்குவானா?”

இன்ஸ்பெக்டர் சீல் உத்தரவை எடுத்து, நாலாக மடித்து, தன் பெண்ணின் சைக்கிள் சீட்டைத் துடைத்தார்.

இருட்டுவதற்கு முன்பே மாமனாரும் மாப்பிள்ளையும் வீடு வந்து சேர்ந்தார்கள். வாசலில் மனைவி நின்றிருந்தாள். கையில் தலையணை. அப்பாவைப் பார்த்ததும் அதைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

“உங்கப்பாவைக் கொண்டு வந்தாச்சு” என்றான் வால். “நான்தான் கிட்டத்தட்டப் போய்ச் சேர்ந்திருப்பேன். பிரேக் இல்லாத சைக்கிளைக் குடுத்து அனுப்பினாரு!”

“பிரேக் இருந்துச்சே” என்றார் மாமனார். சட்டைப் பைக்குள் கையை விட்டு நாலு பிரேக் கட்டைகளை எடுத்துத் திண்ணையில் வரிசையாக வைத்தார். “உயரம் மட்டும்தான் வேலை செய்யணும், வேற எதுவும் குறுக்க வரக் கூடாதுன்னு மேடம் சொன்னாங்க. கணக்கு தப்பிடக் கூடாதேன்னு கழட்டிட்டேன் மாப்ளே.”

மாப்ளே! இத்தனை வருடத்தில் முதல் முறையாக. வால் அதை ரசிப்பதா, பிரேக் கட்டையைப் பார்த்து நடுங்குவதா என்று தெரியாமல் நின்றான். அவள் அப்பாவின் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

“அப்பா, சிரிக்கிறீங்களா?”

“சேச்சே, இல்லம்மா” என்றார் மாமனார். “அதிர்ச்சியில வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு.”